வயா வைக்காத இடம்

சிப்புக்குள் கம்பிகள் அடுக்கடுக்காக ஓடும். கீழே ஓடுவது மெட்டல் ஒன், அதற்கு மேலே மெட்டல் டூ, இப்படியே ஏறிக்கொண்டு போகும். கணினித் திரையில் மேலிருந்து பார்க்கும்போது, ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். தொடவில்லை, நடுவில் காப்பு உண்டு. சேர்க்க வேண்டுமென்றால் காப்பில் ஒரு துளை போட்டு உலோகத்தால் நிரப்ப வேண்டும். அந்த இணைப்புக்குப் பெயர் வயா. இந்தக் கம்பிகளைத் திரையில் வரையும் லேஅவுட் வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் இதில் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வயா நான்தான்.

வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில். அண்ணனுக்கு நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் கடை. நான் தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் லேஅவுட் வரைகிறேன். அண்ணனின் மனைவி, என் மைனி, எனக்கு முன்பே இதே வேலையை பெங்களூரில் பார்த்தவள். பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டு வந்தாள்.

அண்ணனுக்கும் மைனிக்கும் சண்டை எதுவும் கிடையாது. ஞாயிறு ஆராதனைக்கு ஒரே பைக்கில் கோயிலுக்குப் போவார்கள், ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஆனால் எதையும் நேராகக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். எங்கள் அப்பா அம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள். குடும்பச் சொத்து.

"மக்கா, ராத்திரிக்கு தோச போருமா எண்ணு அண்ணன்ட்ட கேளு" என்பாள் மைனி. அண்ணன் அடுத்த அறையில்தான் இருப்பான். காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய்க் கேட்ட பிறகுதான் "போரும் எண்ணு சொல்லு" என்பான். இதை வைத்து இரண்டு பேரையும் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

பிள்ளை ஹைஸ்கூலுக்குப் போனதும் மைனி மறுபடி வேலைக்குப் போகிறேன் என்றாள். சொன்னது என்னிடம். நான் அண்ணனிடம் சொன்னேன். "நல்லது எண்ணு சொல்லு" என்றான்.

ஒரு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தாள். நேர்காணலுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்து, நானும் மைனியும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். டிஆர்சி என்றால் என்ன என்று நான் கேட்க வாயெடுக்கும் முன்பே சொல்லிவிடுவாள்: வரைந்தது தொழிற்சாலையின் விதிக்கு அடங்கியிருக்கிறதா, கம்பிக்கும் கம்பிக்கும் போதிய இடைவெளி உண்டா என்று பார்க்கும் சோதனை. எல்விஎஸ் என்றால் வரைந்ததும் மூலச் சுற்றுப்படமும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவது. எங்காவது வயா விட்டுப்போயிருந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். ஒன்றையும் மறக்கவில்லை. புதிதாக வந்தது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது. நெருக்கமான கம்பிகளை இரண்டு நிறமாகப் பிரித்து இரண்டு தடவையாக அச்சிடும் முறையைச் சொன்னபோது, பிள்ளையின் கலர் பென்சிலை எடுத்து அங்கேயே வரைந்து பார்த்தாள். "இது இவ்வளவுதானா? நான் என்னமோ எண்ணு பயந்தேன், மக்கா" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் அன்றைக்கு ஜெபமே செய்தேன்.

விளம்பரம் போட்டிருந்த பெங்களூர் கம்பெனி கணினியில் நேர்காணல் வைத்தது. அண்ணன் கடைக்குப் போகாமல் இருந்தான். பக்கத்து வீட்டில் சொல்லி நாயைக் கட்டிப்போட வைத்தான், மிக்சியைக்கூட யாரும் தொடக்கூடாது என்றான். மைனி பதில் சொல்வதைப் பாதி சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எதிலும் தடுமாறவில்லை. அவர்களே மெச்சிப் பேசினார்கள். கடைசியில், ஆபீசுக்கு நேரில் வர வேண்டும், பெங்களூருக்கு எப்போது வர முடியும் என்று கேட்டார்கள்.

பெங்களூர் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. மூன்று பேரும் அதைப் படித்தவர்கள்தான். எந்தெந்தப் பதத்துக்கு என்ன பொருள் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம், போவதா வேண்டாமா என்று மட்டும் யாரும் பேசவில்லை. மைனி கதவைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அசையவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். ஒரு வாரத்தில் சொல்லுங்கள் என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க இதைப் பற்றி யாரும் என்னிடம் எதையும் சொல்லியனுப்பவில்லை. தோசைக்கும் சட்னிக்கும் மட்டும் தூது போனேன். இது புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. வாரக் கடைசியில் மைனி, வர இயலாது என்று எழுதிப்போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டே அண்ணன் கேட்டான்: "அவளுக்க வேல என்னாச்சு?"

"வரல்ல எண்ணு எழுதியாச்சு."

துடைப்பதை நிறுத்தினான். "எதுக்கு?"

"நீ போவச் சொல்லல்லியே."

"அவ என்னட்ட கேக்கல்லியே. கேட்டிருந்தா போவச் சொல்லியிருப்பேனாக்கும். பிள்ளைய நீயும் நானும் பாத்திருக்க மாட்டமா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அத உள்ள போயி மைனிட்ட சொல்லு, அண்ணா. நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

துணியைக் கீழே போட்டுவிட்டுப் படியேறினான். அடுக்களை வாசல் வரைக்கும் போனான். நானும் பின்னால் போனேன். மைனி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றிருந்தாள். காலடிச் சத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் வாயைத் திறந்தான்.

"மக்கா," என்றாள் மைனி, திரும்பாமலே, "அண்ணனுக்கு சாயா வேணுமா எண்ணு கேளு."

"வேணும் எண்ணு சொல்லு" என்றான் அண்ணன்.