கல்லூரி மேட்டில் வராத பஸ்

போர்ட் பிளேர் கல்லூரி மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். கீழே கடல் அப்படி மின்னுகிறது, ரசிக்கத்தான் நேரமில்லை. ஹேடோ துறைமுகத்தில் மெட்ராஸ் கப்பல் புறப்படப்போகிறது. விட்டால் அடுத்தது எப்போதென்று கப்பலுக்கே தெரியாது.

“பஸ்! பஸ்!” என்று டீக்கடையிலிருந்து ஒரு மாணவன் கத்துகிறான். பெட்டியோடு சாலைக்குப் பாய்கிறேன். சாலையில் ஒரு மாடு மட்டும் நிற்கிறது.

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். “தம்பி மெயின்லேண்டா? பையன் சர்க்கரை போதும்னான். ஹிந்தியில போதும்னா பஸ்ஸு!”

“அண்ணே, என் கப்பல் போயிரும்ணே!”

சிரிப்பு சட்டென்று நிற்கிறது. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடையிலிருந்த மாணவர்கள் ஓடி, மரம் ஏற்றி வந்த லாரியை மறிக்கிறார்கள். ஒருவன் வங்காளியில் கெஞ்சுகிறான், இன்னொருவன் தெலுங்கில் அதட்டுகிறான். டிரைவரோ மலையாளி. “கேறிக்கோ” என்று கட்டைகளைக் காட்டுகிறார்.

மேலே உட்கார்ந்து, எல்லா மொழிக்கும் பொதுவாகக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.