மாட்டு வாளி

அந்த வண்டிக்காரருடைய முகம் எனக்கு நினைவில்லை, முதுகுதான் நினைவிருக்கிறது. வியர்வை காய்ந்து உப்புப் பூத்த கறுத்த முதுகு. பேசும்போதும் திரும்ப மாட்டார். மாடுகளின் கொம்பைப் பார்த்தபடியேதான் பதில் சொல்வார்.

இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்கள் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் சித்திரை விடுமுறையில் பெரம்பலூரிலிருந்து சமயபுரம் தேருக்கும், அப்படியே திருச்சிக்கும் குடும்பத்தோடு கூண்டு வண்டியில் கிளம்பினோம். ஏற்பாடெல்லாம் என்னுடையது. புளிசாதமும் பானைத் தண்ணீரும் எங்களுக்கு. மாடுகளுக்குப் புண்ணாக்கு, தண்ணீர் காட்ட ஒரு வாளி. எதையும் மறக்காதவன் என்று எனக்குக் கர்வம்.

பாடாலூர் அருகே தேருக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்து நின்றன. உச்சி வெயில். வண்டிக்காரர் சேரியிலிருந்து வந்தவர். எங்கள் சொம்பை அவரிடம் கொடுக்க மாட்டோம். அவருக்கென்று ஒரு கொட்டாங்கச்சிகூட நான் எடுத்துவரவில்லை.

"தாகமா இருக்காப்பா?" என்றேன்.

"மாடு குடிக்கட்டுங்க. மிச்சத்த நான் குடிச்சுக்கிறேன்."

அப்படியே குடித்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சிறுகனூர்க் கிணற்றடியில் மாடுகளுக்கு மறுபடி தண்ணீர் காட்ட இறங்கினேன். வண்டிக்குள்ளிருந்து அம்மா சொன்னாள்: "டேய், அந்த வாளியக் கழுவிட்டு மாட்டுக்குக் காட்டு. அவன் வாய் வெச்சது."

நான் எடுக்குமுன் அவரே வாளியை எடுத்தார். மண் போட்டுத் தேய்த்து என் முன்னால் நீட்டினார்.

"தேச்சுட்டேனுங்க. ஊத்துங்க."

அப்போதுதான் முதல்முறையாக அவர் என் பக்கம் திரும்பி நின்றார். நான்தான் மாடுகளின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.