ஒரு கடலைக்கு நூறு தப்படி

ஆன்செல்ம் கூர்தாத் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எகிப்துக்குப் போன எங்கள் பிரெஞ்சுப் படையோடு படிப்பாளிகள் நூற்றைம்பது பேருக்கு மேல் கப்பல் ஏறினார்கள். செடியைப் பார்க்க ஒருவர், மீனைப் பார்க்க ஒருவர், பழைய கல்லைப் பார்க்கப் பத்துப் பேர். அவர்களில் பெரிய ஆட்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. ஆன்செல்ம் நிலம் அளப்பவன். அவனைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். அவன் பட்ட பாட்டுக்குக் காரணமும் நான்தான்.

நான் குதிரைப்படை சார்ஜெண்ட் பிஜோல். அந்தப் படிப்பாளிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்களில் யாருக்குமே ஆகாது. வெயிலில் நாங்கள் நாக்கு வறண்டு நிற்கும்போது, உடைந்த தூண் ஒன்றைப் படம் வரைய அரைமணி நேரம் கேட்பார்கள். இவர்களுக்காகத்தான் இந்தப் போரே நடக்கிறது என்றுகூடச் சிலர் நம்பினார்கள். எதிரிக் குதிரைகள் பாய்ந்து வந்தால் நாங்கள் சதுரமாக அணிவகுப்போம். உடனே ஒரு குரல் எழும்: "கழுதையெல்லாம் நடுவுக்கு! பண்டிதரெல்லாம் நடுவுக்கு!" கொஞ்ச நாளில் பட்டாளத்தில் கழுதைக்கே பண்டிதர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஆன்செல்ம் தெற்கு பிரான்சில், கஸ்கோனியில் தண்ணீரால் சுழலும் மாவு ஆலை வைத்திருந்தவரின் மகன். கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் பாரிஸில் புதிதாகத் திறந்த பொறியாளர் பள்ளிக்குப் போனான். இருபத்திரண்டு வயதில் அவனைக் கூப்பிட்டு, "தெற்கே ஒரு பயணம், எங்கே என்று கேட்காதே" என்றார்களாம். அவனும் கேட்கவில்லை. அம்மாவிடம் இத்தாலி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இறங்கும் இடம் எகிப்து என்பது நடுக்கடலில்தான் தெரிந்தது. கரை தொடும் முன்பே அளவுக் கருவிகள் இருந்த கப்பல் மூழ்கிவிட்டது. மிச்சமிருந்தவை கெய்ரோ கலகத்தில் போயின. யாரும் அழைக்காத வீட்டுக்குள் புகுந்தவர்கள் நாங்கள், கலகம் செய்தவர்களை நான் எப்படிக் குறை சொல்வது?

கருவி போனால் என்ன, கால் இருக்கிறதே என்றான் ஆன்செல்ம். தினம் காலையில் ஒரே கயிற்றால் இடைவெளி அளந்து இரண்டு முளைக்குச்சி அடித்து, நடுவே நடந்து பார்ப்பான். சரியாக நூறு தப்படி வந்தால்தான் அன்றைக்கு வேலை. ஒன்று கூடினாலும் திரும்ப நடப்பான். வயிற்றுப்போக்கில் கிடந்த நாளில்கூட நடந்தான். அன்று நூற்றி மூன்று வந்ததால் அளக்காமல் படுத்துக்கொண்டான்.

அவனுக்குக் காவலாக என்னைப் போட்டார்கள். கழுதையைக் காக்கப் போட்டிருந்தால் பட்டாளத்துக்கு இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது.

கெனா நகரிலிருந்து செங்கடல் துறைமுகத்துக்குப் பாலைவனம் வழியே ஒட்டகப் பாதை போகிறது. அதிலிருந்து ஒதுங்கி ஒரு பழைய கிணறு இருப்பதாகவும், அந்த வழியில் போனால் ஒரு நாள் மிச்சம் என்றும் அபாப்தா இனத்து ஒட்டகக்காரன் சுவைலிம் சொன்னான். அந்தக் கிணற்றை வரைபடத்தில் ஏற்ற நாங்கள் மூவரும் போனோம். ஆன்செல்ம் திசைகாட்டியைப் பார்த்துக் குறிப்பெடுத்தபடி நடப்பான். அவன் தப்படிகளை நான் எண்ண வேண்டும். நூறு ஆனதும் வலது பையிலிருந்து ஒரு வறுத்த கொண்டைக்கடலையை எடுத்து இடது பையில் போட வேண்டும். மணலில் கூழாங்கல் ஏது? அதனால் கடலை.

சுவைலிம் விழுந்து விழுந்து சிரித்தான். "நாங்க நட்சத்திரத்த பாத்து போவோம். நீங்க கடலைய பாத்து போறீங்களா?"

பாதையில் இரட்டைப் பாறை என்று ஒன்று. அங்கிருந்து வடக்கே திரும்பியதும் மணற்காற்று பிடித்துக்கொண்டது. முன்னால் போகும் ஒட்டகத்தின் வால்கூடத் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்க ஒன்றுபோல் ஒன்றாகப் பள்ளத்தாக்குகள். காற்றடித்தால் சிலவற்றின் வாயை மணல் மூடிவிடும், அதனால் எத்தனையாவது என்று எண்ணிப் போகவும் முடியாது. அவற்றில் ஒன்றுக்குள் அரைமணி நேரம் நடந்தால்தான் கிணறு. சுவைலிம் கயிற்றைப் பிடித்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பள்ளத்தாக்கின் வாய்க்கு வந்தபோது இடது பையில் தொண்ணூற்றாறு கடலை. ஒன்பதாயிரத்து அறுநூறு தப்படி என்று ஆன்செல்ம் எழுதிக்கொண்டான்.

அதற்கு அடுத்த வாரமே கண்நோய் அவனைப் பிடித்தது. எங்கள் படையில் பாதிப் பேருக்கு அது வந்தது. கண் வீங்கிச் சீழ் வடியும், வெளிச்சம் பட்டால் ஊசி குத்தும். கெனா மருத்துவமனையில் இருட்டறையில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

அப்போதுதான் சேதி வந்தது. துறைமுகத்தருகே ஆங்கிலேயக் கப்பல் தெரிகிறது, நூற்று நாற்பது பேர் உடனே போக வேண்டும், புதிய கிணற்று வழியாக. சுவைலிம் வரமாட்டேன் என்றான். அவனுடைய சினை ஒட்டகத்தை எங்கள் ஆட்கள் வெட்டித் தின்றிருந்தார்கள். "வழிகாட்டி எதுக்கு? அதான் வரைபடம் இருக்கே" என்றார் கேப்டன். கிணறு எட்டும் வரைக்கும்தான் தோற்பைகளில் தண்ணீர்.

அதைக் கேட்டதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். நேராக ஆன்செல்மிடம் போனேன்.

"பண்டிதரே, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்ஜெண்ட்."

"அன்னிக்குக் காத்துல... பசி. கை தானா பையிக்குள்ள போயிடுச்சு. கொஞ்சம் தின்னுட்டேன்."

"எத? கடலையவா?"

"ஆமா."

"வலது பையிலயா?"

"இல்ல, இடது பையில." வலது பையில் தின்றிருந்தால் பாதகமில்லை. எண்ணி முடித்தவை இடது பையில்தானே இருந்தன!

அவன் எழுந்து உட்கார்ந்தான். "எத்தன தின்ன?" முதல் தடவையாக என்னை ஒருமையில் கேட்டான்.

"தெரியலையே. பத்து இருக்கும். முப்பதும் இருக்கலாம்."

"முட்டாள்! நூத்தி நாப்பது பேரு. ஒரு கடலைக்கு நூறு தப்படி. தப்பான பள்ளத்தாக்குல போயி நாக்கு தள்ளிச் சாவாங்கடா!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கேப்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கு மேல் கோபத்தோடு, "இது தப்புன்னா சரியானத கொண்டா. ஆறாம் நாள் காலையில கிளம்புறோம், அதுல மாத்தமில்ல" என்றார்.

"நான் மட்டும் போய் அளந்துட்டு வரேன்" என்று ஆன்செல்மிடம் சொன்னேன்.

"உன் கால் குதிரைக்காரன் கால். நாலு தப்படி நீளம், அஞ்சாவது குட்டை. வரைபடம் முழுக்க என் காலால அளந்தது. நான்தான் நடக்கணும்."

"கண்ணு?"

"நடக்கக் காலு போதும். எண்ண உன் வாய் இருக்கு. இந்தத் தடவ வாய எண்ண மட்டும் திற."

மருத்துவர் வெர்னாஜ் கத்தினார். "பத்து நாள் இருட்டுல இருந்தா தப்பிக்கும். வெயிலும் மணலும் பட்டா நான் பொறுப்பில்ல. குருடாயிடுவ, புரியுதா?"

"புரியுது ஐயா. கட்டக் கொஞ்சம் தடிமனாப் போட்டு விடுங்க."

சுவைலிமைத் தேடிப் பிடித்தேன். பட்டாளத்தோடு வரமாட்டேன் என்றவன், ஆன்செல்ம் என்றதும் யோசித்தான். "கண்ணில்லாம அளக்கப் போறானா? அந்தப் பைத்தியத்துக்காக வரேன். உனக்காக இல்ல, கடலைத் திருடா."

ஒட்டகத்தில் இரண்டு நாள். ஆன்செல்ம் கட்டோடு உட்கார்ந்து வந்தான். ஒட்டகம் குலுங்கும்போதெல்லாம் கட்டின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொள்வான். இரட்டைப் பாறையில் இறங்கியதும் முளைக்குச்சிகளை அடிக்கச் சொன்னான். நான் கயிற்றால் இடைவெளி அளந்து அடித்தேன். அவன் நடந்தான், நான் எண்ணினேன்.

நூற்றிப் பதினான்கு.

திரும்ப நடந்தான். நூற்றிப் பன்னிரண்டு. கண் தெரியாதவன் கால் தயங்கித்தானே விழும்? மூன்றாவது தடவை வேண்டுமென்றே எட்டிப் போட்டான். தொண்ணூற்றொன்று வந்தது, முழங்கால் மண்ணில் மோதி விழுந்தான்.

"பரவால்ல பண்டிதரே, நூத்துக்குப் பதிமூணு கழிச்சுக்கலாம்" என்றேன்.

"மேடு பள்ளத்துல அது மாறும். கழிச்சா மறுபடி குத்துமதிப்புதான்."

அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டு கையாலும் கட்டை அவிழ்த்தான். நான் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாம்! கேப்டன் காலுல விழுறேன், நாள மாத்தச் சொல்றேன்."

"மாத்த மாட்டாரு. விடு."

விட்டேன். இன்றைக்கும் என் கையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் அவன் என்னை மன்னித்திருக்க மாட்டான்.

கண் இரண்டும் பழுத்த தக்காளியாக இருந்தன. இமையை விரித்து, வெள்ளை மணலின் பளபளப்பை நேருக்கு நேர் பார்த்து, முளைக்குச்சிகளுக்கு நடுவே நடந்தான். நூறு. சரியாக நூறு.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவன் நடந்தான். கண்ணிலிருந்து தண்ணீரும் சீழும் வழிந்து கழுத்துப் பட்டியில் சொட்டின. நான் திசைகாட்டியைப் பார்த்தேன், உரக்க எண்ணினேன். ஒவ்வொரு நூறுக்கும் கயிற்றில் முடிச்சுப் போட்டேன். சுவைலிம் தன் தலைத்துணியை அவிழ்த்து, வெயில் படும் பக்கமாகப் பிடித்தபடி கூடவே நடந்தான், சிரிக்கவில்லை. மூன்றாவது பள்ளத்தாக்கின் வாய்க்கு வந்தபோது தொண்ணூற்றேழு முடிச்சு. என் பொய்க் கணக்கு எல்லோரையும் இதற்குள்தான் அனுப்பியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சுவைலிமைக் கேட்டேன்.

"ஒட்டக எலும்பு" என்றான்.

கிணறு நான்காவதில். அதன் வாய்க்கு நூற்றிப் பத்தொன்பது முடிச்சு. இருபத்து மூன்று கடலை தின்றிருக்கிறேன். "எழுது" என்றான் ஆன்செல்ம். எழுதியதும் அவனே கட்டைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் சுருண்டு படுத்தான். அவன் தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படவில்லை.

ஐந்தாம் நாள் பொழுது சாய்வதற்குள் திருத்திய வரைபடம் கேப்டன் கையில் இருந்தது. அவர் நன்றி சொல்லவில்லை. "இதுல கடலை எதுவும் குறையலையே?" என்று கேட்டுவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

ஆன்செல்மின் இடது கண் பத்தாம் நாள் போனது. வலது கண் பாதி தேறும் என்றார் மருத்துவர். கட்டுக்குள்ளேயே கிடந்த அவனுக்குக் கண்ணைப் பற்றிய கவலையே இல்லை. தினமும் என்னிடம் ஒரே கேள்விதான்: "பாலைவனத்துலேருந்து ஆள் வந்துச்சா?" வரவில்லை என்பேன். "நூத்திப் பத்தொன்பதுன்னுதானே எழுதின?" என்பான். ஆமாம் என்பேன். மறுபடி படுத்துக்கொள்வான். எனக்கோ சோறு இறங்கவில்லை. ஒருவேளை கயிற்றிலும் ஒரு முடிச்சை விட்டிருந்தால்?

பதினேழாம் நாள் மத்தியானம் ஒரு பீரங்கிப்படை கார்ப்பரலைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பக்கத்துப் படுக்கையில் போட்டார்கள். அவனுக்கும் கண்நோய். துறைமுகத்திலிருந்து திரும்பியவன். படுத்ததுமே புலம்ப ஆரம்பித்தான்.

"கண்ணு போனாலும் போவுது, அந்தக் கிணத்துத் தண்ணிய என்னால மறக்க முடியாது. த்தூ! உப்பு. ஆட்டுக்கொட்டா நாத்தம் வேற."

ஆன்செல்ம் சட்டென்று எழுந்தான். "எந்தக் கிணறு?"

"அதான், ரெட்டப் பாறைக்கு வடக்கால. எந்தப் பண்டிதக் கழுதையோ காயிதத்துல போட்டு வச்சிருக்கு. அவன் மட்டும் கையில கெடச்சான், ஒரு வாளி மொண்டு அவன் வாயிலயே ஊத்துவேன்."

"குடிச்சீங்களா?"

"குடிக்காம? பையில ஒரு சொட்டு இல்ல. ரெண்டு பேரு மயங்கி விழுந்துட்டானுங்க. வயிறு முட்ட குடிச்சோம்."

"எல்லாருமா?"

"என்னய்யா இது? எல்லாரும்தான். நூத்தி நாப்பது பேரும். அந்த ரெண்டு பேருக்கும் மூக்கப் பிடிச்சு ஊத்தினோம்."

ஆன்செல்ம் கட்டுப் போட்ட முகத்தோடு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அவனிடம் பார்த்ததில்லை. கைகளால் துழாவி அந்தக் கார்ப்பரலின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப உப்பா?" என்று ஆசையாகக் கேட்டான். "இன்னொரு தடவ சொல்லுங்க கார்ப்பரல். எவ்வளவு உப்பு?"