கரித்தூள் அடுப்பும் கை நனைத்த விருந்தாளியும்

படிப்பில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. இன்றைக்கு என் பேரில் மூன்று பஸ் ஓடுகிறது. அவற்றில் ஏறுகிற வாத்தியார்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். வேறு எதற்காக ஒருவன் இதையெல்லாம் சொல்வான்? ஆனால் அந்த மூன்று பஸ்ஸையும்விட என் சமையலைப் பற்றித்தான் எனக்குப் பெருமை அதிகம்.

யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. பெட்ரோலும் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி இருக்கும். அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுவார்கள். கந்தர்வக்கோட்டைக்குப் போகும் வண்டியில் நான் கிளீனர். எனக்கு இருபது வயது. புதுக்கோட்டையில் ஓர் ஒற்றை அறையில், தையற்கடையில் காஜா எடுக்கும் கூட்டாளி ஒருவனோடு குடியிருந்தேன். அவனுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும். உலையில் அரிசி போடத் தெரியாது. சமையல் முழுக்க என் ராஜ்ஜியம்.

தொட்டிக்குப் போடும் கரியைச் சலித்துத்தான் போட வேண்டும். சல்லடைக்குக் கீழே விழும் தூளை மற்ற கிளீனர்கள் குப்பையில் கொட்டினார்கள். நான் அதைச் சாணியோடு பிசைந்து, உருண்டை பிடித்துக் காயவைத்தேன். மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பாதியாக வெட்டி, உள்ளே களிமண் பூசியதுதான் அடுப்பு. விறகுக்கு ஊரே அல்லாடியபோது என் அடுப்பு மட்டும் கணகணவென்று எரிந்தது.

சாப்பாடும் அப்படித்தான். ராத்திரியே கொள்ளுப் பயறை ஊறப்போட்டுவிடுவேன். காலையில் பித்தளைப் பானையில் அதை வேகவைத்து, வடித்த தண்ணீரில் புளியும் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளை மிளகாய் வற்றலோடு அரைத்தால் துவையல். அதே பானையைக் கழுவிச் சோறு. பஸ் ஷெட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கை மரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்தால் பொரியல். வாரத்தில் நாலு நாள் இதுதான். அலுத்துப்போனால் துவையலில் ஒரு பல் பூண்டைக் கூட்டிப் போடுவேன். அது வேறு சாப்பாடு ஆகிவிடும்.

அந்த வருஷம் என் ஆத்தா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தது. சொந்த வீடில்லாத கிளீனர் பயலுக்குப் பெண் கிடையாது என்று இரண்டு இடத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடம் குன்றாண்டார்கோவில் பக்கம். ஆத்தா ஆள்விட்டுச் சொல்லியிருந்தது: "பொண்ணோட அப்பா ஒன்னையப் பாக்க வருவாரு. இதையும் கெடுத்துப்புட்டேன்னா, அப்புறம் நீயாச்சு, ஒன் பானையாச்சு."

வண்டி ரிப்பேராகி நின்ற ஒரு நாள் உச்சிவேளையில் அவர் வந்து சேர்ந்தார். தோளில் துண்டு, கையில் குடை. வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. வீட்டால் இவரை மயக்க முடியாது, வாயால்தான் முடியும் என்று முடிவுகட்டினேன். என் வாயால் அல்ல, அவர் வாயால். மளமளவென்று இலையை நறுக்கிப் போட்டேன்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்ங்க."

"இருக்கட்டும் தம்பி. பசியில்ல."

"அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீங்க. எப்படிங்க பசிக்காம இருக்கும்?"

"தண்ணிகூட வேணாம் தம்பி. உக்காருங்க, பேசுவோம்."

அவருக்குப் பின்னால் நின்ற என் கூட்டாளி கண்ணை உருட்டி, விரல்களைக் குவித்துக் குவித்துக் காட்டினான். ரசத்தில் உப்பு பத்தாது என்கிறான் போலிருக்கிறது என்று இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். சரி, இன்னும் பத்தவில்லை என்று மறுபடியும் போட்டேன்.

சம்பந்தம் பேசி முடியும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தாயிற்று என்று அர்த்தம். கூட்டாளி விரலைக் குவித்துக் காட்டியதும் இதைத்தான். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. பதினோரு வயதில் ஊரைவிட்டு வந்து, கல்யாண வீடு என்றால் பந்தியில் மட்டும் போய் உட்கார்ந்தவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கிளீனர் கையால் சாப்பிட இவருக்கு இளப்பமாக இருக்கிறது என்பதுதான். சுருக்கென்றது.

"நாங்க பொங்குற சோறு ஒங்களுக்கு எறங்காதுங்களோ?" என்று கேட்டேவிட்டேன்.

கூட்டாளி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு தம்பி சமைச்சது?"

"நாந்தாங்க."

"தெனமுமா?"

"அஞ்சு வருசமா." அதோடு விடாமல் கரித்தூள், சாணி உருண்டை, கொள்ளுத் தண்ணீர், முருங்கை மரம் என்று என் பிரதாபம் பூராவையும் அவிழ்த்துவிட்டேன். கேட்கக் கேட்க அவர் முகம் இளகிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து இலைக்கு முன் உட்கார்ந்தார். கூட்டாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

ரசத்தை முதல் வாய் உறிஞ்சியதும் அவர் கண் ஒரு முறை மூடித் திறந்தது. மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். இலையை மடித்து எழுந்தபின்தான் வாய் திறந்தார்.

"கை நனைச்சாச்சு. தை மாசம் வச்சுக்குவோம்னு ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லிடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் சமையல் அம்புட்டுப் பிடிச்சுப்போச்சுங்களா?" என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். "எம் மவளுக்குச் சமைக்கத் தெரியாது தம்பி. தாயில்லாப் புள்ள. ஏர் பூட்டுவா, ஏத்தம் எறைப்பா. அடுப்புப் பக்கம் போனதில்ல. இதைச் சொன்ன எடத்துல எல்லாம் வேணாம்னுட்டாங்க. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் ரோசனை பண்ணிக்கிட்டேதான் வந்தேன்."

வெயிலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் மனசு மாறிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு.

என் ரசத்துக்காகப் பெண் கொடுத்தார்கள் என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். அது பொய்யில்லை. தை மாதம் கல்யாணம் முடிந்து அவள் அந்த ஒற்றை அறைக்கு வந்தாள். அடுப்பையும் பானையையும் ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு எந்நேரத்துக்குச் சோறு போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு, சாணி உருண்டை பிடிக்க உட்கார்ந்தாள்.