நாளைக்கு மேடம்

மலையேறப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், கூட்டிக்கொண்டு வருவதுதான் எங்கம்மாவின் வேலை. இதில் இரண்டாவது பாதிதான் கஷ்டம் என்பாள்.

ஊரில் அவளுக்கு 'நாளைக்கு மேடம்' என்று பேர். ஊருக்கும் மலைக்கும் நடுவில் ஓர் ஆறு இருக்கிறது. பனி உருகி வரும் தண்ணீர். விடியற்காலையில் முட்டியளவில் சாதுவாகப் போகும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, சாயங்காலம் ஆளையே இழுக்கும். அதனால் மத்தியானத்துக்கு மேல் யார் கெஞ்சினாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "நாளைக்கு." பாலம் வரும், வரும் என்று நான் பிறந்ததிலிருந்து சொல்கிறார்கள். இதுவரைக்கும் வெள்ளம்தான் வந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடக்கும். ஆணி முழுக்கப் பைகள், மூலையில் காகிதம் திணித்த ஈர பூட்ஸ்கள், அந்த நாற்றம். அறை நடுவில், மலையேற வந்தவர்கள் முதுகில் பையோடு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடப்பார்கள்.

"தண்ணி ஃப்ரிட்ஜ் பக்கமிருந்து வருது. கனமான ஆள் முன்னாடி நின்னு அதைத் தாங்கணும். இங்க யாரு கனம்?"

யாரும் கை தூக்க மாட்டார்கள். நான்தான் விரலை நீட்டிக் காட்டுவேன். இந்தச் சேவைக்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை.

போன தடவை நான் காட்டியது ஒரு பல் டாக்டரை. அவருக்கு வேறு கவலை.

"இடுப்பு பெல்ட்டை எதுக்குங்க கழட்டச் சொல்றீங்க?"

"விழுந்தா பை உங்களையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். பையை விட்டுடணும்."

"உள்ள கேமரா இருக்கே!"

"கேமராவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

டாக்டர் பெல்ட்டைக் கழட்டினார்.

அந்தக் கூட்டம் திரும்ப வேண்டிய அன்றைக்குத்தான் அக்காவுக்குச் சாயங்கால பஸ். துறைமுக நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை. அந்த பஸ்ஸை விட்டால் சொன்ன நாளில் போய்ச் சேர முடியாது, வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்து எப்போது வருவாள் என்பது அவளுக்கே தெரியாது. "காலையில ஆத்தைத் தாண்டி வந்துடுவேன், நான்தான் பஸ் ஏத்திவிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா மலைக்குப் போனாள்.

காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. மலையில் போனும் எடுக்காது. அக்காவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கே போனோம்.

எதிர்க்கரையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஆளுக்கொரு பாறையில் கூட்டம். டாக்டர் ஒற்றைக் காலில் பூட்ஸ் இல்லாமல் இருந்தார். குதிகால் கொப்புளம் உடைந்து, வழியெல்லாம் ஆமை மாதிரி வந்திருக்கிறார். நடுவில் ஆறு சேறு நிறத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. அடியில் பாறைகள் உருண்டு இடித்துக்கொள்வது கரை வரைக்கும் கேட்டது.

"கூப்பிடுடா" என்றாள் அக்கா.

"அம்மா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான் அந்தப் பக்கம் போறேன்" என்று அக்கா செருப்போடு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினாள்.

எதிர்க்கரையில் அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தாள். வராதே என்று அர்த்தம். அக்கா நின்றாள். அம்மா கையை இறக்கவேயில்லை. அக்கா மேலே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறக்கினாள்.

அப்புறம் அம்மாவும் உட்கார்ந்து அடுப்பைப் பற்றவைத்தாள். டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். அக்கா வழிக்கு வைத்திருந்த ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் எதிரெதிரே, நடுவில் ஆற்றை வைத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்தார்கள்.

"உப்பே இல்ல" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கண்ணுலேர்ந்து வருதே, தொட்டுக்கோ."

முதுகில் ஓர் அறை விழுந்தது. அக்கா அடித்தால் நன்றாகவே வலிக்கும். இனிமேல் யார் அடிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் பெட்டியைத் தூக்கினேன். பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அது அப்படிச் செய்து நான் பார்த்ததேயில்லை.

மறுநாள் விடியும்போதே அம்மா எல்லோரையும் முட்டியளவுத் தண்ணீரில் கடக்கவைத்துக் கூட்டி வந்துவிட்டாள். வீட்டு வாசலில் டாக்டர் என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்கம்மா எங்களையெல்லாம் திரும்பி நின்னு மலையைப் பாக்கச் சொன்னாங்க. ரொம்ப அழகாயிருக்குன்னாங்க. எனக்குச் சந்தேகம், திரும்பிப் பார்த்தேன். பையைக் கழட்டி வச்சுட்டுத் தனியா ஆத்துல இறங்கியிருந்தாங்க. தொடை வரைக்கும் தண்ணி. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, பின்னாலயே நகர்ந்து கரைக்கு வந்துட்டாங்க."

அம்மா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து இறங்குனியாமே?"

அம்மா டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பைக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தார்.

"இறங்குனேன்."

"ஏன் திரும்பிட்டே?"

"உருண்டு வந்த கல்லு ஒண்ணு கால்ல மோதுச்சு." கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டது. அதைப் பிடித்து இழுத்தாள். "என்னை ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிருந்தா உங்கக்கா பஸ் ஏறியிருப்பாளா? டிக்கெட் வேற வாங்கியாச்சு."

எழுந்து உள்ளே போய், அக்காவின் கட்டிலில், ஈரக் கால்சட்டையோடு அப்படியே உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் ஈரத்தோடு கட்டிலில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கதவைச் சாத்திவிட்டு, டாக்டரின் குதிகாலுக்குக் கட்டுத் துணி தேடினேன்.