குரங்கை விரட்டிய கரப்பான்

கரப்பான் பூச்சியின் மூளையைக் கணினிக்குள் செய்வது என் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெங்களூர் அலுவலகம் சொன்னதும், மலைமேல் கிளியூரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து வந்துவிட்டேன். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் விதத்தை அப்படியே நிரலாக எழுத வேண்டும். அந்தச் சேதி வைஃபை வழியாக உள்ளங்கையளவு ரோபோவுக்குப் போகும். அதன் ஆறு கால்களும் அதன்படி நடக்கும். மேலே நிழல் விழுந்தால் அது பயந்து ஓட வேண்டும். படித்த படிப்பெல்லாம் ஒரு பூச்சியின் பயத்துக்குச் செலவாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா காப்பித் தோட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார்.

"ஏங் கண்ணு, இது என்ன பண்ணும்?"

"கரப்பான் மாதிரி ஓடுமுங்க."

"அதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? எங்கூட்டு அடுப்படியில நொம்பக் கெடக்குது. புடிச்சுத் தரட்டுமா?"

வேண்டாமென்றேன். அவருடைய கரப்பான்களாவது ஓடின. என்னுடையது திரையில் ஓடும். தரையில் விட்டால், கையை எவ்வளவு ஆட்டினாலும் தியானத்தில் இருக்கும். பனிமூட்டத்தில் நிழலே சரியாக விழுவதில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

முதலீட்டாளர்களுக்கு வீடியோவில் காட்டவேண்டிய காலையில் பார்த்து, நல்ல வெயில். சாக்கும் போயிற்று. கதவைத் திறந்து, வெளிச்சத்தில் ரோபோவை வைத்தேன். "பயம் என்பது வெறும் கணக்குதான்" என்று மேலாளர் திரையில் விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது மேசைமேல் இருந்த கடலைமிட்டாய்க்காக ஒரு குரங்கு உள்ளே வந்தது. அதன் நிழல் ரோபோவின்மேல் விழுந்தது. ரோபோ சட்டென்று திரும்பியது. ஓடியது, நேராகக் குரங்கை நோக்கி. குரங்கு கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. திரையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மத்தியானம் நிரலைப் பிரித்துப் பார்த்தேன். நிழலைப் பற்றிச் சாக்காகச் சொன்னது உண்மையாகவே இருந்தது; பிழை வேறு. இடது கண்ணின் சேதியும் வலது கண்ணின் சேதியும் இடம் மாறிக் கால்களுக்குப் போயிருந்தன. எதை விட்டு விலக வேண்டுமோ அதை நோக்கியே திரும்பியிருக்கிறது. மேலாளரை அழைத்துச் சொன்னேன்.

"தயவுசெய்து அதைத் தொட்டுடாதீங்க" என்றார்.

ஒரே வாரத்தில் எங்கள் திட்டம் 'தோட்டக் காவல்' ஆனது. வீட்டுக்கார அம்மாவின் ஆரஞ்சு மரங்களுக்கடியில் கரப்பானைக் காவல் வைத்தோம். முதலில் குரங்குகள் மிரண்டன. பிறகு மரத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஒருநாள் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடி ஒரு தாய்க்குரங்கு இறங்கி வந்து, கரப்பானைப் புரட்டிப் போட்டுவிட்டு ஆரஞ்சு தின்னப் போயிற்று. மல்லாந்து கிடந்து ஆறு கால்களையும் உதைத்தபோதுதான் முதன்முறையாக அது அசல் கரப்பானாகத் தெரிந்தது. அதை நான் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. தோட்டக் காவலைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவுமில்லை.

யாரும் கேட்காததால் பிழையைத் திருத்தினேன். கதவோர வெயிலில் வைத்துக் கையை நீட்டினேன். கரப்பான் விசுக்கென்று விலகி, கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப வெளியே எடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன்.

வாசலில் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும் சாமி. பாவம், எதுக்கு அதைப் போட்டு மெரட்டறே?"