நாலாவது தூண்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டுக்குப் பின்னால் காயலில் படகு கட்ட ஒரு சின்னத் துறை, ஒரு ஜெட்டி, கட்டியே தீர வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கொச்சங்காடியில் எங்கள் வீட்டின் பின்சுவரைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நிற்கும். எத்தனையோ வருஷம் எர்ணாகுளத்துக்குப் போட்டில் போய்க் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தவள் நான். மட்டாஞ்சேரி ஜெட்டியில் சேறு அடைந்து படகு வராமல் போன காலத்தில், பஸ்ஸில் தோப்பும்படிப் பாலத்து நெரிசலில் நின்று நின்று வெறுத்துப்போயிருந்தேன். என் கணவர் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்தார். அதைக் கட்டிப்போட ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் தொடக்கம்.

தெற்குப் பக்கத்து வீட்டுச் சேட்டன் மீன்பிடிக்கிறவர். மலையாளி, என்னிடம் பேசும்போது மட்டும் தமிழைக் கலந்துகொள்வார். அவருடைய சின்ன வள்ளம் அவர் வீட்டுப் பின்படியிலேயே கிடக்கும். விடியும்போது அவரும் மனைவியும் வலையோடு கிளம்பிவிடுவார்கள். நான் கிராஃப் தாளில் வரைந்த ஜெட்டியைக் காட்டியதும் சிரித்தார்.

"தண்ணி எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்னு தெரியாம என்ன படம் டீச்சரே?"

மறுநாளே ஒரு மூங்கிலில் அரையடிக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் காயலில் ஊன்றினார். ஒரு மாதம் முழுக்க ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துச் சொன்னார். நான் அட்டவணை போட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாட்கள் அவரே குறித்து வைத்திருந்தார். அவர் கேட்டதற்காக அட்டவணையின் நகல் ஒன்றை அவருக்கும் கொடுத்தேன். தென்னந்தடி வேண்டாம், புழு அரித்துவிடும், கான்கிரீட் தூண் போடுங்கள் என்றவரும் அவர்தான். மார்பளவு சேற்றில் இறங்கி, எங்கே அடிமண் கெட்டி என்று காலால் மிதித்துக் காட்டினார். இதற்கெல்லாம் அவர் குடித்தது எங்கள் வீட்டுச் சாயா மட்டும்.

ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜெட்டியோட தலைப்பை, படகு கட்டற முனையை, வடக்குப் பக்கம் திருப்பிக்கோங்க. என் பக்கம் வேண்டாம். தண்ணி இறங்கினா எனக்கு ஆழமான அந்த ஒரு சால்தான் வழி. அது அடைஞ்சா வள்ளம் அனங்காது, சேத்துலயே நிக்கும்."

"அதுக்கென்ன சேட்டா, வடக்கேயே திருப்பிடலாம்" என்றேன்.

இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, வடக்கே சேறு ஆழம், இரண்டு தூண் கூடுதலாகப் போட வேண்டும், தெற்கே திருப்பினால் நாலு தூணோடு முடிந்துவிடும் என்றார். என் கணவர் யோசிக்கவேயில்லை.

"நாம கட்டற ஜெட்டி. அடுத்த வீட்டுக்காரர் சௌகரியத்துக்கா கட்டறோம்? அவர் கொஞ்சம் சுத்திப் போகட்டுமே."

சுற்றிப் போக வழியில்லை என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் இறங்கும் அளவை எழுதி வைத்தவளே நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. படம் தெற்கே திரும்பியது.

அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் அண்டை வீட்டாரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். படத்தை உள்பக்கமாக மடித்து, கையெழுத்துப் போடும் தாள் மட்டும் மேலே வரும்படி எடுத்துப் போனேன். சேட்டன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையை முண்டில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்று சொன்னேன். அவர் படிக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"டீச்சர் கொண்டுவந்ததைப் படிக்கணுமா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மழை விட்டதும் மிதவையில் தூண் இறக்கும் இயந்திரம் வந்தது. மூன்று தூண்கள் நேராக இறங்கின. நாலாவது தெற்கே தள்ளி, அவருடைய சாலின் வாயில் இறங்கியபோது சேட்டன் பின்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிடுவார், சண்டை போடுவார் என்று சமையலறையில் காத்திருந்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அலுவலகத்துக்கு விசாரணைக்குப் போனோம். பெஞ்சின் ஒரு முனையில் நாங்கள், மறுமுனையில் அவர். அதிகாரி, சேட்டனின் புகார் மனுவோடு இருந்த தாள் ஒன்றை என் முன்னால் நகர்த்தி, இது யார் எழுத்து என்று கேட்டார். நான் போட்ட அட்டவணை. தண்ணீர் மிகவும் இறங்கிய நாட்களுக்கு அடியில் மட்டும் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

"என்னோடது" என்றேன்.

சம்மதக் கையெழுத்து உங்களுடையதுதானே என்று அவரிடம் கேட்டார் அதிகாரி.

"என்னோடதுதான். படிக்காமப் போட்டேன். அது என் தப்பு" என்றார் சேட்டன். என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் கள்ளி என்று அந்த அறையில் வைத்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தலைப்புப் பகுதி கூடாது, நாலாவது தூணை எடுக்க வேண்டும் என்று உத்தரவானது. ஒப்பந்தக்காரர் அதைப் பிடுங்க முடியாது என்று சொல்லி, தண்ணீருக்கடியில் அறுத்துவிட்டுப் போனார். மிச்சமிருப்பது மூன்று தூண் நீளத்துக்கு ஒரு முடம். தண்ணீர் இறங்கினால் எங்கள் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த மழைக்குள் தூண்களிலும் அந்த அடிக்கட்டையிலும் பாயல் என்கிற நீர்ப்பாசியும் குப்பையும் சிக்கி, சேறு படிந்து, அவருடைய சாலும் மூடிக்கொண்டது. அவர் வள்ளத்தை விற்றுவிட்டார். இப்போது சுள்ளிக்கலில் ஒரு ஃப்ளாட்டில் காவலுக்கு நிற்கிறார். காக்கிச் சட்டையில் ஒருமுறை பார்த்தேன்; எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொண்டது நான்தான்.

என் கணவர் எங்கள் படகையும் போர்ட் கொச்சியில் யாருக்கோ கொடுத்துவிட்டார். "அன்னைக்கே அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ" என்கிறார் இப்போது.

சேட்டனின் மனைவி ஹார்பரிலிருந்து மீன் எடுத்து வந்து தெருவில் விற்கிறார். நான்கு வீடு தள்ளிக் கூவுகிற குரல் எங்கள் வாசலில் நின்றுவிடும். போன வாரம் நானே இறங்கிப் போய் வழியில் நின்றேன்.

"சேச்சி, இன்னைக்கு என்ன மீன்?"

ஈரத்துணி மூடிய பாத்திரத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். துணிக்கு வெளியே மத்தி வால்கள் பளபளத்தன.

"எல்லாம் தீர்ந்துபோச்சு டீச்சரே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் மத்தி, மத்தி என்று கூவினார்.